வருஷம் இல்லாத தாள்கள்

மைனா,

இன்று விடியற்காலையில் பழைய காகிதக் கட்டு ஒன்றைப் பிரித்தேன். நேற்று லான்மடாவ் கடையில் எடை போட்டு வாங்கி வந்தது. சணல் கயிற்றை அறுத்ததும் அந்த வாசனை எழுந்தது. மழையில் நனைந்து காய்ந்த தாளும், பழைய மையும், யார் வீட்டு அலமாரியிலோ கிடந்த பாச்சை உருண்டையும் கலந்த வாசனை. அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. வெளியே மழை விட்டும் விடாமலும் சொட்டிக்கொண்டிருந்தது. எந்த வருஷத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒரு நிமிஷம் எனக்கே தெரியவில்லை.

கட்டுக்கு நடுவில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையினுடையது. பக்கத்துக்குப் பக்கம் நாலு நாலு இலக்கமாக எண்கள். பார்த்ததும் கை நின்றுவிட்டது. சரித்திர நோட்டு. அதைக் கிழிக்கவில்லை. முந்தானையால் துடைத்து உன் தகரப் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டு, மற்றதைக் கிழித்துத்தான் இன்றைய வியாபாரத்தைப் பார்த்தேன்.

எங்கள் பேட்டை தாமுவேயில் இப்போது எல்லாரும் தோசையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுக்கிறார்கள். நான் மட்டும் இன்னும் உள்ளே வாழை இலை, வெளியே தாள், மேலே நூல். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். தாள் வாங்கினால்தானே இப்படி ஏதாவது ஒன்று கைக்கு வரும்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நீ இருந்த இருபத்தாறு வருஷமும் சொல்லாமல் வைத்திருந்தது. அதைச் சொல்லவும், பிறகு ஒன்றே ஒன்று கேட்கவும்தான் இந்தக் கடிதம். எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன். கோயில் வகுப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் படித்த தமிழ். பிழை இருந்தால் நீ சிரிப்பாய். சிரி.

உனக்கு மைனா என்று பேர் வைத்தது நான் இல்லை, தெரு. பர்மாப் பிள்ளைகள் எல்லாரும் படிக்கிற மாதிரிதான் நீயும் படித்தாய். வாய்விட்டு, ராகம் போட்டு, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு. ஆனால் உன் குரல் மற்ற பிள்ளைகளின் குரலைவிட ஒரு கட்டை அதிகம். நான் அடுப்பு மூட்டும்போதே நீ பாயில் எழுந்து உட்கார்ந்துவிடுவாய். முகத்தில் முதல் நாள் அரைத்துப் பூசிய தனக்காப் பட்டை திட்டுத் திட்டாகக் காய்ந்து கிடக்கும். கண் மூடியே இருக்கும். வாய் மட்டும் ஓடும். டாக்ஸி ஓட்டுகிற கோ ஸோ எதிர் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டே கத்துவார்.

"மைனா கூவிருச்சு! மணி அஞ்சு. என் கடிகாரத்த வித்துடலாம்."

நீ கண்ணைத் திறக்காமலே பதில் கொடுப்பாய். "வித்துட்டு வண்டிக்கு ஒரு கண்ணாடி வாங்குங்க கோ ஸோ. போன வாரம் கோழி மேல ஏத்துனீங்கள்ல."

பிறகு விட்ட இடத்திலிருந்து மறுபடி ராஜாக்கள் வருவார்கள். கல்லில் மாவு ஊற்றும்போது வரும் அந்தச் சத்தமும் உன் சத்தமும் சேர்ந்து, பாதித் தூக்கத்தில் இருக்கிற எனக்கு, யாரோ ஒரு ராஜா மாட்டு வண்டியில் ஏறி மழையில் போவதுபோல இருக்கும். அவர் எதற்குப் போகிறார், எங்கே போகிறார், தெரியாது. இன்றைக்கும் மாவு ஊற்றினால் அந்த வண்டி போகிறது.

நீ பத்தாம் வகுப்புக்குப் போன புதிதில் ஒரு நாள் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாய்.

"அக்கா, நான் பாக்காம சொல்றேன். நீ பாத்துகிட்டே இரு. தப்புன்னா சொல்லு."

"எனக்கு எங்கடி படிக்கத் தெரியும்? பர்மா எழுத்தப் பாத்தா முட்டை முட்டையா தெரியுது."

"நம்பர் தெரியும்ல?"

"வியாபாரம் பண்றவளுக்கு நம்பர் தெரியாதா?"

"அப்ப வருஷத்த மட்டும் பாரு. மத்தத நான் பாத்துக்கிறேன்."

அப்படித்தான் தொடங்கியது. நீ சொல்லச் சொல்ல, என் விரல் பக்கத்தில் எண்களை மட்டும் தேடிக்கொண்டு போகும். முட்டைக் கூட்டத்துக்கு நடுவில் எண் வந்தால், வழி தெரியாத ஊரில் தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி. ஆயிரத்து எண்ணூற்று இருபத்து நாலு, வெள்ளைக்காரனோடு முதல் சண்டை. ஐம்பத்திரண்டு, இரண்டாவது. எண்பத்தைந்து, மூன்றாவது, ராஜாவைக் கொண்டுபோனது. நீ சொன்னதும் தாளில் இருப்பதும் ஒன்றானால் நான் பேசமாட்டேன். மாறினால் தோசைத் திருப்பியால் கல்லின் ஓரத்தில் ஒரு தட்டு. டங். நீ அப்படியே நின்று, தலையைச் சொறிந்து, சரியான வருஷத்தைப் பிடித்து வருவாய். மூன்று மாதத்தில் தட்டுவதற்கு எனக்கு வேலையே இல்லாமல் போனது. பள்ளிக்கூடத்தில் வருஷம் தப்பாத பெண் என்று உனக்குப் பேர்.

வீட்டிலும் ஒரு சட்டம் போட்டாய். கடைக்குக் கிழிக்கிற தாளும் உன் தாளும் ஒரே அறையில் கிடந்ததால் வந்த சட்டம். "நாலு நம்பர் சேந்து இருந்தா அது சரித்திரம். தொடாத. மத்தத என்ன வேணா பண்ணிக்க."

அந்தச் சட்டத்தை நான் மீறவே இல்லை. அதுதான் வினையாகப் போனது.

நீ சரித்திரம் எடுத்தபோது தெருவில் எல்லாரும் வந்து புத்தி சொன்னார்கள். நல்ல மார்க் வாங்குகிற பிள்ளை கணக்கும் வேதியியலும் எடுத்து டாக்டருக்குப் போகாமல் எதற்குச் செத்துப்போன ராஜாக்களைப் படிக்கிறது என்று. பூ விற்கிற டோ மியா என் எதிரிலேயே கேட்டார். "உன் தங்கச்சிக்கு உடம்பு ஏதாச்சும் சரியில்லையா?" எனக்கும் வருத்தம்தான். வேறு வழி இல்லாதவர்கள் எடுக்கிற பாடம் என்று சொன்னார்கள். உன்னிடம் கேட்டேன். நீ சொன்னாய்: "எல்லா பாடத்துலயும் பதில் இருக்குக்கா. இதுல மட்டுந்தான் கேள்வி இருக்கு."

எனக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு மாவைக் கரைக்கப் போனேன்.

அந்த வருஷம் வந்த புது சயாமாவை நான் ஒரு தடவைதான் பார்த்தேன். ஒல்லியான டீச்சர், குடையை மடக்காமலே வகுப்புக்குள் போவார் என்று நீ நடித்துக் காட்டுவாய். அவர்தான் உன்னைக் கெடுத்தார் என்று நான் சொல்வேன். "வருஷத்த யாரு வேணாலும் மனப்பாடம் பண்ணலாம், ஆயிரத்தி எண்ணூத்தி எண்பத்தஞ்சுன்னு மைனாகூட சொல்லும்னாங்கக்கா," என்று ஒரு நாள் முகம் சிவந்து வந்தாய். தெரு உனக்கு வைத்த பேர் அவருக்குத் தெரியாது. தற்செயலாகச் சொன்னதுதான். ஆனாலும் உனக்குச் சுட்டுவிட்டது. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர் ஒரு வேலை கொடுத்திருந்தார். பரீட்சைக்கு இல்லாதது. அவரவர் தெருவில், அவரவர் வீட்டில் விசாரித்து, ஒன்று ஏன் நடந்தது என்று எழுத வேண்டும். எப்போது என்று எழுதக் கூடாது, ஏன் என்று மட்டும். வருஷம் போட்டால் அடித்துவிடுவேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம்.

நீ தெருவையே கேள்வி கேட்டாய். நோட்டும் பென்சிலுமாக டோ மியாவின் பூக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாய். அடுத்த வீட்டு மேரி ஆன்ட்டியிடம், அவருடைய அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்த கதையைக் கேட்டாய். மூலைக்கடை பாய் காக்காவிடம், மற்ற இந்தியர்கள் கடையை விட்டு ஊருக்குக் கப்பலேறியபோது அவர் வீட்டில் ஏன் ஏறவில்லை என்று கேட்டாய். கடைசியில் என்னிடம் வந்தாய். வியாபாரம் முடிந்து, நான் அரிசி களைந்துகொண்டிருந்த நேரம்.

"யக்கா, நீ ஏன் பள்ளிக்கூடத்த விட்ட?"

"தெரியாதா உனக்கு? நீ பொறந்த. அம்மா போயிட்டா. உன்ன யாரு தூக்குறது, அப்பாவா? அவரு துறைமுகத்துல மூட்ட தூக்குவாரா, உன்னத் தூக்குவாரா?"

"எந்த மாசம் விட்ட?"

கை தண்ணீருக்குள்ளேயே நின்றது. "மாசமெல்லாம் யாருக்குடி ஞாபகம் இருக்கு?"

"மழைக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"போடி. போலீஸ்காரி மாதிரி கேக்குற."

நீ சிரித்தாய். நோட்டில் ஏதோ எழுதினாய். பிறகு எழுந்து மேரி ஆன்ட்டி வீட்டுக்குப் போனாய். இருட்டுகிற வரைக்கும் நீ வரவில்லை. உங்கள் இரண்டு பேரின் பேச்சும் சுவருக்கு அந்தப் பக்கம் மெதுவாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. காதை வைத்துக் கேட்டேன். ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

மறுநாளுக்கு மறுநாள் நல்ல மழை. கடைக்கு வைத்திருந்த தாள் எல்லாம் கூரை ஒழுகி ஊறிப்போயிருந்தது. ஆட்கள் குடையோடு நிற்கிறார்கள், கல்லில் தோசை கருகுகிறது. நீ தலை குளித்துக்கொண்டிருந்தாய். உன் பாயின் ஓரத்தில் ஒரு அடுக்குத் தாள் இருந்தது. கையில் எடுத்தேன். சட்டம் ஞாபகம் இருந்தது, மைனா. ஒவ்வொரு தாளாகத் திருப்பி நாலு நம்பர் சேர்ந்து இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. பக்க எண்கூட நீ போடவில்லை. வெறும் முட்டை முட்டையாக, வரிசை வரிசையாக. இது சரித்திரம் இல்லை என்று நிம்மதியாகப் பதினொரு தாளிலும் தோசை கட்டிக் கொடுத்துவிட்டேன்.

ஈரத் தலையோடு நீ வந்து நின்றது கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. பாயைப் பார்த்தாய். என் கையைப் பார்த்தாய். கையில் நூல்கண்டு.

"யக்கா. அந்தத் தாளு..."

"அதுல வருஷமே இல்லடி! ஒவ்வொண்ணா பாத்தேனே!"

நீ கத்துவாய் என்று நினைத்தேன். கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாய். தோள் குலுங்கியது. பக்கத்தில் போய்ப் பார்த்தால், அழுகையா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு சொன்னாய். பிறகு இடுப்பில் சுற்றிய லோஞ்சியை முழங்காலுக்குத் தூக்கிக் கட்டிக்கொண்டு மழையில் இறங்கி ஓடினாய்.

அன்றைக்குத் தாமுவேயில் தோசை தின்ற வீட்டுக்கெல்லாம் போய் நின்றாய். "தோசை உங்களுக்கு, தாள் எனக்கு" என்று கேட்டாயாமே. கோ ஸோ வண்டியில் ஏற்றிக்கொண்டு சுற்றினார். "எண்ணெய் படிஞ்ச பேப்பருக்கு டாக்ஸி வச்சு போற முதல் ஆளு நீதான்," என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். சாயங்காலத்துக்குள் பத்துத் தாள் வந்துவிட்டது. ஒன்றில் சட்னி. ஒன்றைப் பூனை நக்கியிருந்தது. டோ மியா தன்னுடையதைத் தானே கொண்டுவந்தார். குடைக்கு அடியில் நின்று அதை என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"இத யாரு எழுதுனது, தோசைக்காரி?"

"என் தங்கச்சி."

"என்ன எழுதியிருக்கா தெரியுமா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதே, டோ மியா."

அவர் தாளை ஆட்டுவதை நிறுத்தினார். "உடம்பு சரியில்லையான்னு கேட்டேன்ல. இல்ல. அவளுக்கு ஒண்ணுமில்ல," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாளை மடித்து என் கையில் வைத்தார்.

பதினோராவது தாள் வரவே இல்லை. யார் வாங்கிப் போனார்களோ. வழிப்போக்கராக இருக்கும். அது கடைசித் தாள், என்னைப் பற்றி எழுதியது என்று நீதான் சொன்னாய். அன்றைக்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் நல்ல தாளில் மறுபடி எழுதினாய். தொலைந்ததை மனதிலிருந்து எழுதினாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன்.

"என்னப் பத்தி என்னடி எழுதியிருக்க?"

"நீயே ஒரு நாளு படிச்சுக்க."

"எனக்கு இனிமே எங்க படிப்பு வரும்?"

"வரும். வரலன்னா நானே ஒரு நாளு வாசிச்சு காட்டுறேன், நோ?" பேச்சின் கடைசியில் பர்மாக்காரர்கள் போல அந்த 'நோ'வை இழுப்பாய். சரிதானே என்பதற்கு.

சரி என்றேன். எத்தனை நாள் இருக்கிறது என்று நினைத்தேன். நல்ல பிரதியை சயாமா வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் மாற்றலாகி எங்கேயோ போய்விட்டார். எண்ணெய்த் தாள் பத்தும் தகரப் பெட்டிக்குள் போனது.

பரீட்சை முடிவு ஒட்டிய காலை உனக்கு ஞாபகம் இருக்குமோ. பள்ளிக்கூட வாசலில் பலகை, பலகைக்கு முன்னால் தலைகள். நீ பயத்தில் என் முதுகுக்குப் பின்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டாய். நான்தான் முட்டித் தள்ளிப் போனேன். எல்லாரும் பேரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் எண்ணைத் தேடினேன். உன் எண்ணைக் கூட்டத்தில் முதலில் பார்த்தது படிக்கத் தெரியாத நான்தான். எண்ணுக்குப் பக்கத்தில் ஏதோ எழுதியிருந்தது. "பக்கத்துல என்னமோ போட்டிருக்குடி!" என்று கத்தினேன். நீ கண்ணைத் திறந்து வாசித்தாய். சரித்திரத்தில் சிறப்பு. அன்றைக்குக் கடை போடவில்லை. இரண்டு பேரும் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது சொல்கிறேன், மைனா.

நீ பிறந்ததற்காக நான் பள்ளிக்கூடத்தை விடவில்லை. நீ பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பே விட்டுவிட்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது, இரண்டாம் வகுப்பு. வீட்டில் தமிழ்தான், எனக்குப் பர்மாப் பேச்சு சரியாக வராது. வெளியே போக வேண்டும் என்று டீச்சரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்கவில்லை. அடக்கிக்கொண்டே இருந்தேன். என்னை எழுப்பிப் பலகையில் இருந்ததை வாசிக்கச் சொன்னார்கள். நின்றேன். நின்ற இடத்திலேயே போய்விட்டது. பள்ளிக்கூடத்துப் பச்சை லோஞ்சி கால்வரை நனைந்தது. முதலில் ஒரு பிள்ளை சிரித்தது, பிறகு எல்லாரும். ஓடினேன். மேரி ஆன்ட்டி என்னைச் சர்ச் படியில் கண்டுபிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போய், லோஞ்சியைத் துவைத்து, தன் வீட்டுக் கொடியில் காயப்போட்டார். நாளைக்கு நானே கூட வருகிறேன் என்றார். நான் போகவே இல்லை. அம்மா வயிற்றில் உன்னை வைத்துக்கொண்டு அழுதாள்.

பிறகு நீ வந்தாய். உனக்கு மூன்று மாதம் ஆகும்போது அம்மா போய்விட்டாள். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றேன். பார்த்தவர்கள் எல்லாம், பாவம், தங்கச்சிக்காகப் படிப்பை விட்ட பிள்ளை என்றார்கள். கேட்க நன்றாக இருந்தது. ஈர லோஞ்சியைவிட அது நன்றாக இருந்தது. நானும் அதையே சொல்லத் தொடங்கினேன். சொல்லிச் சொல்லி எனக்கே அதுதான் நடந்தது என்று ஆகிவிட்டது. உன்னோடு சண்டை வந்தபோதெல்லாம் அதையே எடுத்து அடித்தேன். "உனக்காகத்தான்டி நான் தற்குறியா போனேன்." நீ உடனே வாயை மூடிக்கொள்வாய். எத்தனை தடவை. அதற்குப் பயந்துதான் நீ இரண்டு பேருக்கும் சேர்த்துப் படித்தாயோ என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

சொல்ல ஒரு நேரம் கிடைத்தது. தொற்று பரவி ஊரே மூச்சுக்காக வரிசையில் நின்ற அந்த மழைக்காலத்தில். ட்யூஷன் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக்கொண்டிருந்த உன் வாய் நின்றுபோயிருந்தது. கோ ஸோ ஆக்ஸிஜன் சிலிண்டருக்காகப் போனவர் இன்னும் வரவில்லை. ஜன்னலில் விடிந்துகொண்டிருந்தது, நீ கூவுகிற நேரம். உன்னைத் தூங்கவிடக் கூடாது என்று தோன்றியது. உன் கையைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னேன். ஆயிரத்து எண்ணூற்று இருபத்து நாலு. பிறகு வேண்டுமென்றே, ஐம்பத்து மூன்று. உன் விரல் என் உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டியது. தப்பு. ஐம்பத்திரண்டு என்று திருத்தினேன். உன் உதடு ஓரத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. மாசத்தையும் அப்போதே சொல்லியிருக்கலாம். மழைக்கு நடுவில்தான் விட்டேன், நீ வருவதற்கு முன்னால், என்று. அதை விட்டுவிட்டு, எண்பத்தைந்து என்றேன். சரியாகத்தான் சொன்னேன். ஆனாலும் நீ தட்டுவாய் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

நீ போன பிறகு வந்த ஒரு காகிதக் கட்டில் முதல் வகுப்புப் பாடப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அட்டை இல்லை. பெரிய க, வளைந்த க, சின்ன க என்று முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். அதே எழுத்துகளிடமிருந்துதான் முன்பு ஓடிப்போனேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. வியாபாரம் முடிந்து, கல் ஆறுகிற நேரத்தில், உன் தாள்களில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகக் கூட்டுவேன். சத்தம் சேர்ந்ததும் சொல் தெரியும், பேச்சுத்தான் தெரியுமே. எண்ணெய் பட்ட இடத்தில் தாள் கண்ணாடி மாதிரி இருக்கிறது, பின்பக்கத்து எழுத்தும் தெரிகிறது. முன்னும் பின்னும் கலந்து, கனவில் வாசிக்கிற மாதிரி. ஒரு தாளுக்கு இரண்டு மாதம், மூன்று மாதம் ஆகும். பத்துத் தாளுக்கு மூன்று மழைக்காலம் ஆனது.

நீ எழுதியிருந்த விதம் இப்போது எனக்குத் தெரியும். ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி. வீட்டில் சொல்கிற காரணம் இது. நான் விசாரித்தபோது தெரிந்தது இது. அப்பாவின் அப்பா கப்பலுக்குச் சீட்டு வாங்கியும் ஏறாததற்கு வீட்டில் சொல்கிற காரணம், வெளுக்கப் போட்ட துணி திரும்பி வரவில்லை என்பது. நாமே அதைச் சொல்லி எத்தனை தடவை சிரித்திருக்கிறோம். நீ விசாரித்திருக்கிறாய். ஊரில் இறங்கினால் நிற்க அவருக்கு ஒரு வாசல்கூட இல்லை, அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டார் என்று எழுதியிருக்கிறாய். அவரைத் திட்டாமல் எழுதியிருக்கிறாய்.

போன வாரம் பத்தாவது தாளை முடித்தேன். கடைசி வரி இது. "என் அக்கா பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வீட்டில் சொல்கிற காரணம், நான்." அதோடு தாள் முடிகிறது.

மிங்கலாடோனுக்கு பஸ் ஏறிப் போனேன். மேரி ஆன்ட்டி இப்போது அங்கே மகள் வீட்டில் இருக்கிறார். விமானம் இறங்குகிற பக்கம். ஜன்னலோரம் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். ஞாபகம் வருவதும் போவதுமாக இருக்கிறது.

"ஆன்ட்டி, என் தங்கச்சி மைனா ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்ல? நேத்துகூட நோட்ட தூக்கிகிட்டு வந்துச்சே. ஒக்காந்து ஒக்காந்து எழுதிச்சே."

"உங்ககிட்ட என்ன கேட்டா ஆன்ட்டி?"

"எல்லாம் கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

ஒரு விமானம் தலைக்கு மேலே போனது. வீடு அதிர்ந்தது. அது போய் முடிகிறவரை ஆன்ட்டி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி என் புடவையைத் தொட்டுப் பார்த்தார்.

"லோஞ்சி காஞ்சிருச்சா, பாப்பா?"

காய்ந்துவிட்டது ஆன்ட்டி என்றேன். திரும்பி வருகிற பஸ்ஸைப் பிடித்தேன்.

இன்றைக்கும் தப்பாக ஏதாவது பேசிவிட்டால் என் கை தானாகவே கல்லின் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டுகிறது. வாங்க வந்தவர்கள் எதற்கு என்று பார்க்கிறார்கள். காலையில் கிடைத்த அந்தப் பிள்ளையின் நோட்டை இப்போது மடியில் வைத்திருக்கிறேன். வருஷங்களை விட்டுவிட்டு எழுத்துகளை வாசித்துப் பார்க்கிறேன். வருகிறது, மைனா. மெதுவாக வருகிறது. நீ சொன்ன மாதிரியே.

அந்தப் பதினோராவது தாள் வந்தால் என்னால் படிக்க முடியும். எந்தத் தெருவில், எந்த மழையில் கரைந்ததோ. அதனால்தான் கேட்கிறேன். அதில் நீ விசாரித்துத் தெரிந்துகொண்டது என்று ஒரு வரி இருந்ததா? அந்தப் பச்சை லோஞ்சி உனக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டேதான், பிறகும் அத்தனை வருஷம், உனக்காகத்தான் என்று நான் சொன்னபோதெல்லாம் தட்டாமல் இருந்தாயா?